கல்லறையில் களை எது?

நவம்பர் 2 நெருங்கும்போது நம் பங்குகளில் மண்வெட்டியும் அரிவாளும் கல்லறைத் தோட்டத்திற்குப் புறப்படுகின்றன. தும்பையும் நாயுருவியும் செதுக்கப்பட்டு, சிலுவைகள் வெள்ளையடிக்கப்பட்டு, குருவானவர் வந்து மந்திரிக்கும் வேளையில் தரை மொட்டையாகக் கிடக்கிறது. இதனை அன்பின் செயலென்றே எண்ணி வந்தோம்; அவ்வெண்ணம் பிழையுமன்று. ஆயினும், அமெரிக்க நாட்டுப்புறக் கல்லறைகள் சிலவற்றின் வரலாற்றை அறிந்தபின், நாம் வெட்டுவது எதனை என்ற கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

இல்லினாய் மாநிலம் ஒரு காலத்தில் பெரும்பாலும் பிரேரி எனப்படும் உயர்ந்த புல்வெளி. 1837இல் ஜான் டியர் என்னும் கொல்லர் எஃகுக் கொழு பொருத்திய கலப்பையைச் செய்தார். அதன்பின் அக்கரிய மண் எங்கும் உழப்பட்டது. சுமார் 2 கோடியே 20 இலட்சம் ஏக்கரில் இன்று கெடாமல் எஞ்சியிருப்பது ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. அதிலும் சில துண்டுகள் குடியேறிகளின் கல்லறைகளுக்குள் இருக்கின்றன. எங்கும் சென்ற கலப்பை, இறந்தோரின் வேலியருகே நின்றுவிட்டது. வெஸ்டன் கல்லறையின் 5 ஏக்கர் அத்தகையது. அங்குள்ளோர் வாழ்ந்தபோது கண்ட மலர்களே இன்றும் அவர்கள்மேல் பூக்கின்றன. இத்தகைய கல்லறைகளில் ஒரே ஆண்டைத் தாங்கிய சிறு கற்கள் அருகருகே நின்றால், கொள்ளைநோய் புகுந்த வீட்டின் கதை விளங்கும். ஏட்டில் ஏறாத ஊர் வரலாறு அது.

இயற்கையியலாளர் ஆல்டோ லியோபோல்ட், தம் மறைவுக்குப்பின் 1949இல் வெளிவந்த நூலில், விஸ்கான்சினின் ஒரு கல்லறையைப் பற்றி எழுதினார். அரிவாள் எட்டாத அதன் மூலையில் ஆள் உயரத் திசைகாட்டிச் செடி ஆண்டுதோறும் சூலையில் மஞ்சளாய்ப் பூக்கும். ஓர் ஆண்டு, சாலைப் பணியாளர்கள் வேலியை அகற்றிச் செடியையும் வெட்டிவிட்டனர். பகையால் அன்று, களையென்றே கண்டிருப்பர்.

பராமரிப்பு காத்ததைவிடப் பாராமுகம் காத்தது மிகுதி என்பது நமக்கு உவப்பான செய்தியன்று. அயோவாவின் ராச்செஸ்டர் கல்லறையிலோ இது கருத்து மோதலாகவே மூண்டது: புல்லை ஒட்ட வெட்டவேண்டும் என உறவினர் சிலரும், மலர்வெளியை விட்டுவைக்கவேண்டும் எனப் பிறரும் வாதிட்டனர். தாயின் பெயரைப் புல் மறைத்தால் மகனுக்கு வலிக்கும். அந்த வலியை நாம் எள்ளத் துணியோம். கல் தெரியவேண்டும், வழி வேண்டும். ஆனால் எஞ்சிய நிலமெல்லாம் மழிக்கப்படவேண்டும் என்பது இறந்தோரின் விருப்பமா, நம் கண்ணின் விருப்பமா?

வேலியும் எல்லாருடைய இறந்தோரையும் காக்கவில்லை. நிலத்தை இழந்த சாக் பழங்குடியின் தலைவர் பிளாக் ஹாக் 1838இல் அயோவாவில் இறந்தார். மறு ஆண்டே அவருடைய எலும்புகள் தோண்டித் திருடப்பட்டன. தொலைதூரக் கொடுமையென்று இதைக் கடந்துபோகவும் நமக்கு வழியில்லை. கல்லறைக்குள்ளேயே சுவரெழுப்பி இறந்தோரைச் சாதிவாரியாகப் பிரித்த ஊர்கள் நம்மிடமும் உண்டு. சுவருக்கு அப்பால் யார் உறங்குகிறார் எனக் கேட்டறிந்தோர் எத்தனை பேர்?

இவ்வாண்டு மண்வெட்டி எடுப்பதற்கு முந்தின நாள் வெறுங்கையோடு போய்வரலாம், ஊர் மூத்தோர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு. தேய்ந்த எழுத்துகளை அவர் படித்துச் சொல்வார். செடிகளின் பெயரும் சொல்வார். காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த மருத்துவச்சி எந்த மேட்டின்கீழ் இருக்கிறார் என்று அவரிடம் கேட்கவேண்டும். அவர்மேல் முளைக்கும் கீழாநெல்லியைத்தான் ஆண்டுதோறும் செதுக்கி எறிகிறோமோ?