இழுக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும்



"குடும்பத்திற்காகத்தானே வாங்குகிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் அவரிடம் வினா எழுப்ப நமக்குத் தயக்கம் உண்டாகிறது. தனக்கென்று பொருள் சேர்ப்பவனைப் பேராசைக்காரன் என்று கடியும் உலகம், மனைவி மக்களுக்கென்று சேர்ப்பவனை நல்ல இல்லறத்தான் என்று பாராட்டுகிறது. இப்பாராட்டு எந்நிலையிலும் பொருந்துமா? நோக்கம் பிறர்பொருட்டு என்பதனாலேயே, வாங்கும் பொருளின் அளவும் அதனால் அயலார்க்கு நேரக்கூடிய கேடும் முறையாகிவிடுமா? இதனை வெறுங்கொள்கையாக ஆராய்வதைவிட ஓர் எடுத்துக்காட்டின் வழியே ஆராய்தல் நலம் எனக் கருதுகிறேன். நம் ஊர்களில் வழக்கில் இல்லாத ஒரு பொருளையே வேண்டுமென்று தேர்ந்துகொண்டேன். பழகாத பொருளாயின் நம்முடைய விருப்பு வெறுப்புகள் குறுக்கே வாரா.

அமெரிக்க நாட்டில் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு புறப்படுவோர் பலர், விடுதிகளை நாடாமல், படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அமைந்த ஒரு சிறு வீட்டையே தம் வண்டியின் பின்னே இழுத்துச் செல்கின்றனர். இத்தகைய இழுவை வீடுகளுள் ஒருவகைக்கு 'ஃபிப்த் வீல்', அதாவது ஐந்தாம் சக்கரம் என்று பெயர். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு இருபுறமும் திரும்பும்பொருட்டு அதன்மேல் கிடையாக ஒரு வளையத்தைப் பொருத்தினார்கள். தரையில் உருளும் நான்கு சக்கரங்களுக்கு மேல் இஃது ஐந்தாவது. பின்னர் லாரிகளில் பின்வண்டியைத் தாங்கித் திருப்பும் இணைப்புக்கும் அப்பெயரே நிலைத்தது. வானூர்தித் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான கிளென் கர்ட்டிஸ், 1920களின் இறுதியில் 'ஏரோகார்' என்னும் இழுவை வண்டியை இவ்வகை இணைப்போடு உருவாக்கினார். இன்றைய வகையில், பிக்கப் வண்டியின் திறந்த பின்தட்டில், பின் அச்சுக்கு நேர் மேலாகவோ சற்று முன்னாகவோ இணைப்பு அமைகிறது. இழுவை வீட்டின் முன்பகுதி கழுத்தை நீட்டி அதன்மேல் அமர்ந்துகொள்கிறது. வண்டியின் வால்பகுதியில் கொளுவி இழுக்கும் சாதாரண டிரெய்லரைவிட இதில் பக்கவாட்டு ஆட்டம் குறைவு. ஆனால் அந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. வீட்டின் எடையில் ஒரு பெரும்பங்கை இழுக்கும் வண்டியே தன் முதுகில் சுமக்கவேண்டும். சாதாரண டிரெய்லர் தன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கையே இழுக்கும் வண்டியின்மேல் சார்த்தும். ஐந்தாம் சக்கர வகையோ பதினைந்து முதல் இருபத்தைந்து பங்குவரை சார்த்தும்.

இவ்விழுவை வீடுகளுக்குத் தலைமை இடம் இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் என்னும் ஊரும் அதன் சுற்றுப்புறமும் ஆகும். கொள்ளை நோயின் காரணமாக வானூர்திகளுக்கும் விடுதிகளுக்கும் மக்கள் அஞ்சியிருந்த காலத்தை அடுத்து, 2021ஆம் ஆண்டில் எல்லா வகையும் சேர்ந்து 6 இலட்சம் பொழுதுபோக்கு வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. 2023இல் அத்தொகை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. விரைந்து எழுந்த ஆசை விரைந்தே தணியும் என்பதை வணிகக் கணக்கும் காட்டுகிறது.

இனி, முதன்முறையாக ஐந்தாம் சக்கர வீடு ஒன்றை வாங்க விரும்பும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தந்தை, தாய், எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரு பிள்ளைகள். அவர்களிடம் ஒரு நடுத்தரப் பிக்கப் வண்டி ஏற்கெனவே இருக்கிறது. அதன் இழுதிறன் 5,000 கிலோ என்று நிறுவனத்தின் ஏட்டில் அச்சிட்டிருக்கிறது. விற்பனைக் கூடத்தில் அவர்கள் கண்ட வீட்டில் பிள்ளைகளுக்கென்று பின்புறம் அடுக்குக் கட்டில்களோடு தனியறை ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் ஏறிப் படுத்து, இறங்க மறுக்கிறார்கள். வெற்றெடை 3,400 கிலோ. முழுச்சுமையோடு செல்லத்தக்க உச்ச எடை 4,500 கிலோ. "உங்கள் வண்டி 5,000 கிலோ இழுக்குமே, கவலை எதற்கு?" என்கிறார் விற்பனையாளர். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நாம் கரும்பலகையில் கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டி இழுக்கக்கூடிய எடை வேறு. தாங்கக்கூடிய எடை வேறு. தாங்கும் எல்லை, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் எழுதியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டலாகாது என்பது அதன் கருத்து. இக்குடும்பத்தின் வண்டியில் அஃது 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெற்றெடையில் ஐந்தில் ஒரு பங்கு 680 கிலோ. 750க்குள் அடங்குகிறது, எல்லாரும் மகிழ்கிறார்கள். ஆயினும் வெற்று வீட்டை இழுத்துக்கொண்டு எவரும் விடுமுறைக்குச் செல்வதில்லை. 227 லிட்டர்த் தொட்டி நிறையத் தண்ணீர் நிரப்பினால் அதுவே 227 கிலோ. பாத்திரம், போர்வை, உணவு, மிதிவண்டிகள் என்று ஏறிக்கொண்டே போய் 4,500ஐ எட்டுமாயின், முதுகில் அமரும் பங்கு 900 கிலோ. இணைப்புக் கருவி ஏறத்தாழ 60 கிலோ. நால்வரின் எடை 225. வண்டிக்குள் வைக்கும் பைகளும் கருவிகளும் 50. மொத்தம் 1,235 கிலோ. தாங்கும் எல்லையைவிட 485 கிலோ மிகுதி! இழுக்கும் எல்லைக்குள் இருந்துகொண்டே தாங்கும் எல்லையை இவ்வளவு மீறிவிட முடிகிறது.

மீறினால் என்ன ஆகும்? பெரும்பாலான நாள்களில் ஒன்றும் ஆகாது. இதுவே இதிலுள்ள பெரிய இடர். வண்டி நகரும், வளையும், நிற்கும். பளு மிகுந்த டயர்கள் வெயிலில் சூடேறிக்கொண்டே போவதும், பின் அச்சும் வில்களும் தளர்வதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நெடிய மலைச்சரிவில் இறங்கும் ஒரு பிற்பகலில்தான் நிற்கவேண்டிய இடத்தில் வண்டி நில்லாது. இழுவை வீட்டின் சக்கரங்களுக்கும் மின்விசையால் இயங்கும் தடைகள் உண்டு. இணைப்புக் கழன்றுவிட்டால் தாமே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அவையெல்லாம் எல்லைக்குள் இருக்கும் எடைக்காகச் செய்யப்பட்டவை.

இங்கேதான் நம் வினா கூர்மையடைகிறது. ஒருவன் தன் பணத்தைத் தன் விருப்பப்படி இழக்கலாம். அஃது அவனுடைய அறிவின்மை என்று விட்டுவிடலாம். ஆனால் எதிரே வரும் சிறு காரில் அமர்ந்திருப்பவள் இக்கணக்கில் உடன்பட்டவள் அல்லள். அவளுக்கு அடுக்குக் கட்டிலின் இன்பம் ஏதும் இல்லை. துன்பத்தில் மட்டும் பங்குண்டு. தன் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக முன்பின் அறியாத ஒருத்தியின் உயிரைச் சிறிதளவேனும் பணயம் வைப்பவன், குடும்பப் பற்றுடையவன் எனப்படுவானோ? அவனுடைய பிள்ளைகளும் அதே வண்டியில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை அவன் மறந்துவிட்டான் என்றே நான் சொல்வேன்.

"சட்டம் தடுக்கவில்லையே?" என்று கேட்கலாம். அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் இத்தகைய வண்டியை ஓட்டுவதற்குச் சாதாரண உரிமமே போதும். நெடுஞ்சாலை எடை நிலையங்கள் வணிக லாரிகளைக் கருதியே அமைந்தவை. விடுமுறைக் குடும்பங்களை நிறுத்தி நிறுப்பது அரிது. ஆனால் லாரி ஓட்டுநர்கள் இளைப்பாறும் நிலையங்களில் எடைமேடைகள் இருக்கின்றன. சிறு கட்டணம் செலுத்தி யாரும் நிறுத்துக்கொள்ளலாம். முன் அச்சு, பின் அச்சு, இழுவை வீட்டின் அச்சுகள் என்று தனித்தனியே எழுதிச் சீட்டுக் கொடுப்பார்கள். யாரும் கட்டாயப்படுத்தாதபோது அந்த எடைமேடையில் ஏறுகிறானா என்பதே ஒருவனுடைய நேர்மையை எனக்கு உணர்த்தும். தேர்வுக்கூடத்தில் கண்காணிப்பாளர் வெளியே சென்ற பிறகும் தன் தாளையே நோக்கி எழுதும் மாணவனை நாம் வேறு எப்படி அறிந்துகொண்டோம்?

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. சிறிய வீட்டைத் தேர்ந்துகொள்ளலாம், அல்லது பெரிய வண்டியை வாங்கலாம். ஆசை எப்போதும் இரண்டாவது வழியையே காட்டும். வீட்டுக்காக வண்டி, வண்டிக்காகக் கடன். இழுவை வீட்டுக்குப் பதினைந்து, இருபது ஆண்டுத் தவணையில் கடன் கிடைக்கிறது. இன்று எட்டு வயதான பிள்ளைக்கு இருபதாம் ஆண்டில் இருபத்தெட்டு வயது. அடுக்குக் கட்டில் பொருந்தும் காலமோ இன்னும் ஐந்தாறு கோடைகள். மீதி ஆண்டுகளில் எவருடைய விடுமுறைக்காகத் தவணை கட்டுகிறார்கள்? படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் இருந்தால் அந்நாட்டு வருமான வரிச் சட்டம் அதனை இரண்டாவது வீடாகவே ஏற்று, சில நிபந்தனைகளோடு கடன் வட்டிக்குக் கழிவும் தருகிறது. நிலத்தில் நிற்கும் வீட்டின் விலை ஏறலாம். சக்கரத்தின்மேல் நிற்கும் வீட்டின் விலை வாங்கிய நாள்முதல் இறங்குகிறது. வரிச் சலுகையைக் காட்டிக் கடனை இனிப்பாக்குவோரிடம் இதனைச் சொல்லவேண்டும்.

பெரிதாக வாங்கினால் எங்கும் செல்லலாம் என்பதும் மயக்கமே. மொன்டானா மாநிலத்துக் கிளேசியர் தேசியப் பூங்காவில் மலைமுகட்டைக் கடக்கும் புகழ்பெற்ற சாலையின் உயர்ந்த பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இடமில்லை. இழுவை வீட்டைக் கீழே கழற்றிவிட்டுச் சென்றாலும், அதனை இழுக்கவென்று வாங்கிய பெரும் பிக்கப் வண்டிகளுள் சில அவ்வெல்லையைத் தாமே தாண்டிவிடும். மலையைப் பார்ப்பதற்காக வாங்கிய வண்டியை மலை ஏற்றுக்கொள்ளவில்லை! உயரமும் அவ்வாறே. வட கரோலினா மாநிலத்து டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல உயரமே உடைய ஓர் இரும்புப்பாதைப் பாலம் எத்தனையோ வண்டிகளின் கூரையை உரித்தெடுத்தது. 2019இல் அதனை உயர்த்தினார்கள். அப்போதும் 12 அடி 4 அங்குலமே. ஐந்தாம் சக்கர வீடுகள் பல 13 அடியை நெருங்குபவை.

இவ்வளவு சொல்வதால் அப்படிப்பட்ட வீடே வேண்டாம் என்று நான் கருதுவதாக எண்ணிவிடாதீர்கள். காட்டோரத்தில் தொலைக்காட்சியின்றி ஒரு வாரம் பெற்றோரோடு உண்டு உறங்கிய பிள்ளைக்கு அது பெருஞ்செல்வம். தொடக்கத்தில் வாடகைக்கு எடுத்து இரண்டு விடுமுறைகளைக் கழித்துப் பார்க்கலாம். தங்குமிடத்திற்கே கொண்டுவந்து நிறுத்திக் கொடுப்போரும் இருக்கிறார்கள். அந்நாள்களில் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: விடுமுறை யாருக்கு? வீட்டில் சமைத்தவளே அங்கும் சமைத்து, அதைவிடச் சிறிய தொட்டியில் பாத்திரம் கழுவினாளாயின், குடும்ப விடுமுறை என்னும் சொல்லில் ஒருத்தி விடுபட்டுப் போனாள். ஆண்கள் இதனை எளிதில் காண்பதில்லை. கூரையின் இணைப்புகளில் நீர் கசிகிறதா என்று ஏறிப் பார்ப்பதும், குளிர்காலத்திற்கு முன் குழாய்களிலுள்ள நீரை வடிப்பதும் தம் பணி என்பதால் தாமே மிகுதியாக உழைப்பதாக நினைப்பார்கள். பக்கச் சுவர்கள் வெளியே தள்ளி விரியும் அமைப்புடைய வீடுகளில், அவற்றை உள்ளே மூடிய நிலையில் குளிர்பெட்டியையும் கழிப்பறையையும் அடைய முடிகிறதா என்று தாயே உள்ளே சென்று நடந்து பார்க்கட்டும். பயண வழியில் பிள்ளைக்குப் பால் எடுக்கப்போவது அவள்தான்.

பழையதை வாங்குவோர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. அதனினும் பெரிய கடமை விற்பவர்க்கு. மரச்சட்டத்துக்குள் நீர் இறங்கி உளுத்துப்போன மூலையை, மேலே புதுத்தாள் ஒட்டி மறைத்துவிடலாம். அதனை வாங்குபவனும் "குடும்பத்திற்காகத்தானே" என்று வருபவன். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஓடாமல் நின்றே முதுமையடைந்த டயர் பார்வைக்குப் புதியதுபோலவே இருக்கும். அந்த நான்கு எண்களை வாங்குபவன் கேட்குமுன் தானே குனிந்து காட்டும் விற்பனையாளனிடம், விலை சற்றுக் கூடுதலாயினும், வாங்கலாம்.