நகமில்லாத விரல்

பட்டுத்தறியில் உட்காருகிறவன் நகம் வளர்க்கலாகாது என்பது எங்கள் வெண்ணந்தூரில் எல்லோரும் அறிந்த விஷயம். கிதார் கற்கத் தொடங்கிய புதிதில், நகமில்லாமல் நாதமில்லை என்ற சொல்லை வேதவாக்காகக் கொண்டு, வலது கையின் நான்கு விரல்களிலும் அரிசியளவு நகம் வளர்த்துக்கொண்டு, பாவில் அறுந்த இழையொன்றைப் பிணைக்கப் போனேன். மோதிர விரலின் நகநுனி பக்கத்து இழையில் மாட்டி, அந்தப் பட்டு பஞ்சாய்ப் பிரிந்து நின்ற காட்சி இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. “நகத்த வெட்டிப்போட்டு வந்து உக்காரு கண்ணு” என்றார் அம்மா. கோபித்துக்கொள்ளவில்லை.

வெட்டினேன். ஆனால் நகத்தோடு சங்கீதமும் போயிற்றோ என்ற வியாகுலம் பல மாதம் வருத்தியது. நம் வீணை வித்வான்களும் நகத்தாலோ, விரலில் மாட்டிய கம்பி மீட்டாலோதானே மீட்டுகிறார்கள்? பிழைப்புக்கும் பிரியத்துக்கும் கடவுள் கொடுத்தது ஒரே கை என்றால், எதற்காக எதை விடுவது? பெர்னாண்டோ ஸோர் என்ற ஸ்பானிய மேதை வெறும் விரற்சதையாலேயே வாசித்தவர் என்பதையும், 1830-இல் வெளியிட்ட தம் கிதார் போதினியில் நக நாதத்தைக் கண்டித்தவர் என்பதையும், அப்படியிருந்தும் நகத்தால் வாசித்த சக கிதார் வித்வான் அகுவாதோவிடம் அத்யந்த சிநேகம் பூண்டு இருவருக்குமாக ‘இரு நண்பர்கள்’ என்றொரு உருப்படியே இயற்றினார் என்பதையும் அறிந்தபோதுதான் மனம் ஆறியது. பிற்காலத்துக் கிதார் மேதை தார்ரெகாவும் தம் கடைசி ஆண்டுகளில் நகத்தைக் களைந்துவிட்டார்.

தந்தியைத் தேர்வதில்தான் என் உண்மையான சிட்சை தொடங்கியது. முறுக்கி நிற்கும் வழுவழுப்பான தந்தியில் சதை வழுக்குகிறது. இழுவிசை குறைந்த, மேற்புறம் சற்றே சொரசொரப்பாகத் தேய்த்த நைலான் தந்தியோ விரலுக்கு இடங்கொடுத்து, அழுத்திய பிறகே விலகுகிறது. ஸோர் காலத்தில் மேல் தந்திகள் ஆட்டுக்குடலால் ஆனவை. மந்தர ஸ்தாயித் தந்திகள் எவை என்று படித்த அன்று எழுந்து போய்த் தறியருகே நின்றேன்: பட்டிழைகளின்மேல் மெல்லிய உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியவை அவை. பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியதுதானே அசல் சரிகை! பட்டின் இடத்தை இன்று நைலான் இழைகள் பிடித்துக்கொண்டாலும், நான் நாளெல்லாம் நெய்த பொருளையே அந்நிய தேசத்து வாத்தியத்தில் மீட்டிக்கொண்டிருந்தேன் என்ற ஆனந்தம் எனக்குக் குறையவேயில்லை.

சதையின் நாதம் சிறியது, மறைப்பதற்கில்லை. வீணை தனம்மாள் தம் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் சிலரை உட்காரவைத்து வாசித்தாரே, அத்தகைய சிறு கூடமே இதற்கு உகந்தது. விசைத்தறிகள் இரவு பகலாக இரையும் எங்கள் தெருவில் அடுத்த அறைக்கே எட்டாது. ஆகையால் மின்சாரம் நிற்கும் வேளைக்குக் காத்திருந்து, அலவாய்மலைப் பக்கத்துக் காற்று வீசத் தொடங்கியதும், ஸோரின் 35-ஆம் தொகுதியில் 22-ஆவதாக வரும் பி மைனர் பயிற்சியை வாசிக்கிறேன். திண்ணையில் தார் சுற்றும் அம்மா, இரண்டாவது அடி தொடங்குவதற்குள் ராட்டையை நிறுத்திவிடுகிறார்.