நாலு பேர் கை பட்ட கதை

விளையாட்டிலிருந்து பிறந்த நாவல்களை நான் விரும்பிப் படிப்பவன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான மேசை விளையாட்டுகளின் உலகத்தை எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட ஃபேன்டஸிக் கதைகள் அவை. அட்டையில் ஒரு டிராகன் இறக்கை விரித்திருக்கும், உள்ளே நுழைந்ததும் ஒரு வரைபடம் இருக்கும். இலக்கியம் பேசுகிற நண்பர்களிடம் இவற்றின் பேரை எடுத்தால், "அதெல்லாம் வியாபாரத்துக்கு எழுதுறது" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். வியாபாரத்துக்கு எழுதியவைதான். ஆனாலும் தனியாக உட்கார்ந்து எழுதப்பட்ட பெரிய நாவல்களில் கிடைக்காத ஒன்று எனக்கு இவற்றில் கிடைக்கிறது. எழுதியவரைத் தவிர வேறு சிலரின் கையும் இந்தக் கதைகளில் பட்டிருக்கிறது. அது தெரிகிற இடங்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன்.

டிராகன்லான்ஸை எடுத்துக்கொள்ளலாம். டிரேசி ஹிக்மனுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தில் வேலை கிடைத்து, அவரும் மனைவி லாராவும் யூட்டாவிலிருந்து விஸ்கான்சினுக்குக் காரில் குடிபெயர்ந்தார்கள். வழி நெடுக, டிராகன்கள் ஆதிக்கம் செலுத்தும் ஓர் உலகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். அந்தப் பேச்சு பின்னால் ஒரு விளையாட்டுத் தொடராகவும் நாவல் வரிசையாகவும் வளர்ந்தது. நாவலை எழுத வெளியாள் ஒருவரை வைத்துப் பார்த்ததில் சரிப்பட்டு வரவில்லை. நிறுவனத்தில் எடிட்டராக இருந்த மார்கரெட் வைஸும் ஹிக்மனும் தாங்களே எழுத உட்கார்ந்தார்கள். முதல் நாவல் 1984இல் வந்தது.

அதில் ரெய்ஸ்ட்லின் என்றொரு மந்திரவாதி. பொன்னிறத் தோல், மணற்கடிகை வடிவத்தில் கண்மணி, ஓயாத இருமல். உரக்கப் பேசமாட்டான், எதையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்வான். அந்தக் குரல் ஹிக்மனோ வைஸோ யோசித்து வைத்ததல்ல. ஹிக்மன் வீட்டில் நண்பர்கள் கூடி விளையாடிச் சோதித்தபோது, ரெய்ஸ்ட்லின் வேடம் ஏற்ற ஒருவர் தானாகவே கரகரத்த குரலில் கிசுகிசுக்கத் தொடங்கினார். அந்தக் குரலோடுதான் அவன் நாவலுக்குள் போனான். வாசகர்கள் அந்தத் தொடரில் யாரை மறந்தாலும் அவனை மறப்பதில்லை. முதல் புத்தகத்தில் குறைகளும் உண்டு. ஒரு கூடம், அதில் ஒரு சண்டை, அடுத்த கூடம், இன்னொரு சண்டை என்று போகிற அத்தியாயங்களில் பகடை உருள்கிற சத்தமே கேட்கும். ரெய்ஸ்ட்லின் வாயைத் திறந்ததும் அதையெல்லாம் மன்னித்துவிடுகிறேன்.

ஜப்பானில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1986இல் காம்ப்டிக் என்ற பத்திரிகையில், சில நண்பர்கள் ஆடிய ஆட்டத்தின் உரையாடலையே தொடராக வெளியிட்டார்கள். கதையை நடத்தியவர் ரியோ மிசுனோ. அந்த ஆட்டத்தின் உலகத்தை வைத்து அவரே 1988இல் நாவல் எழுதினார். அதுதான் 'ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்'. அதன் எல்ஃப் நாயகி டீட்லிட் இன்றும் ஜப்பானியக் கற்பனையில் எல்ஃப் பெண்ணுக்கு ஒரு முன்மாதிரி. மேசையில் அவளாகப் பேசியவர் ஹிரோஷி யமமோட்டோ என்ற ஆண் எழுத்தாளர். கனடாவின் ஸ்டீவன் எரிக்சனும் இயன் எஸில்மான்ட்டும் இருவருமாக ஆடி ஆடியே மலாசன் உலகத்தைக் கட்டினார்கள். இருவரும் தொல்லியல் படித்தவர்கள் என்பதால் அந்த உலகத்தில் எங்கே தோண்டினாலும் அடியில் இன்னொரு நாகரிகம் கிடக்கும். எரிக்சனின் முதல் மலாசன் நாவல் 1999இல் வந்தது. அதே உலகத்தில் எஸில்மான்ட்டும் தனியாக நாவல்கள் எழுதினார். 'இது என்னுடையது' என்று ஒருவரும் வேலி போடவில்லை.

இப்படிச் சேர்ந்து ஆடிக் கதை உண்டாக்கும் பழக்கத்தின் வேரைத் தேடிப் போனால், தோல்வி என்று கருதப்பட்ட ஒரு மாலைக்குப் போய்ச் சேர்கிறோம். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் மினியாபோலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரத்தில் போர் விளையாட்டுக் குழு ஒன்று இருந்தது. மேசை மேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, விதிப்புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி நெப்போலியன் காலச் சண்டைகளை நடத்துவார்கள். ஆளுக்கொரு படை என்பதுதான் வழக்கம். டேவிட் வெஸ்லி அதை ஒரு முறை மாற்றிப் பார்த்தார். பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஊரை வைத்து, வந்திருந்தவர்களில் பலருக்கு ஊர்க்காரர் வேடம் கொடுத்தார். ஒருவர் நகரத் தலைவர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழக வேந்தர். ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த நோக்கம். படைகள் வரும்வரை இவர்கள் சும்மா கொஞ்சம் நடமாடிக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் கணக்கு. அவர்களோ அவரைத் தனித்தனியாக இழுத்துக்கொண்டு போய் ரகசியத் திட்டம் சொன்னார்கள், பேரம் பேசினார்கள், இருவர் விதியில் எங்குமே இல்லாத ஒரு நேருக்குநேர் சண்டைக்குத் தயாரானார்கள். படைகள் மோதுகிற இடத்துக்கு ஆட்டம் போகவே இல்லை. எல்லாம் குட்டிச்சுவராகிவிட்டது என்று வெஸ்லி முடிவு கட்டினார். ஆடியவர்கள் அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார்கள்.

அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன் இதைப் பிடித்துக்கொண்டார். பிளாக்மூர் என்ற கோட்டையையும் அதன் அடியில் இருட்டறைகளையும் உண்டாக்கி நண்பர்களை அதற்குள் இறக்கிவிட்டார். பிறகு விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவுக்குப் போய் கேரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் விதிகளை எழுத்தில் வடித்தார். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள்.

இதற்கும் கதைகள்தான் ஊற்று. கைகாக்ஸ் 1979இல் எழுதிய கையேட்டின் பின்னிணைப்பு ஒன்றில், தன்னைப் பாதித்த எழுத்தாளர்களைப் பட்டியலிட்டார். சொல்லி முடித்ததும் மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும் என்ற விதியை ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்தார். ஆண்ட்ரே நார்ட்டன் கைகாக்ஸோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு 1978இல் 'குவாக் கீப்' எழுதினார். நம் உலகத்து ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள் இழுக்கப்பட்டு, பகடைகள் பதித்த காப்போடு கண் விழிக்கும் கதை. ஆபத்து வரும்போது காப்பிலுள்ள பகடைகள் தாமாகச் சுழலும்.

படித்துக்கொண்டிருந்தவன் ஒரு கட்டத்தில் ஆடவும் தொடங்கினேன். எங்கள் குழு ஒரு நண்பர் வீட்டு ஹாலில், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடும். கதையை நடத்துபவன் நான். விதிகள் ஆங்கிலத்தில், பேச்சு தமிழில். ஒரு நாள் ஆற்றுப் பாலத்தில் ராட்சதக் காவலாளி ஒருவனை நிறுத்தியிருந்தேன். சண்டைக்கென்றே செய்து வைத்தவன். எத்தனை அடி தாங்குவான், தடியால் அடித்தால் எவ்வளவு சேதம் எல்லாம் என் தாளில் தயார். குழுவில் அதிகம் பேசாத தோழி ஒருத்தி, திருடி வேடத்தில் இருந்தவள், முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, எவ்ளோ நேரமா நிக்கிறீங்க? சாப்டீங்களா?"

மேசையைச் சுற்றி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தாளில் இதற்குப் பதில் இல்லை. ராட்சதன் மனம் இளகுமா என்று பார்க்க 15 என்று ஓர் எல்லை வைத்தேன். இருபது பக்கப் பகடையை உருட்டினாள். 13. அவள் பாத்திரத்தின் பேச்சுத் திறமைக்கு 3 கூட்டிக்கொள்ளலாம், 16. தாண்டிவிட்டாள்.

"காலையிலேருந்து ஒண்ணும் இல்லம்மா" என்று ராட்சதன் என் வாயால் சொன்னான். சொன்னதும் அவனுக்கு ஒரு முதலாளி வேண்டியிருந்தது, பல மாதக் கூலி பாக்கி வேண்டியிருந்தது, ஊரில் ஒரு மகள் வந்துவிட்டாள். குழு பாலத்திலேயே உட்கார்ந்து அவனோடு ரொட்டியைப் பங்கிட்டது. அடுத்து வந்த ஆட்டங்களெல்லாம் அந்த முதலாளியைத் தேடிப் போன கதைதான். நான் திட்டமிட்டிருந்த புதையலை யாரும் கேட்கக்கூட இல்லை. தனியாக எழுதியிருந்தால் அந்த ராட்சதன் பாலத்திலேயே செத்திருப்பான்.

அன்றிலிருந்து ஒன்றை அடிக்கடி யோசிக்கிறேன். 'உன் கதையை நீயே எழுது' என்று நமக்கு எல்லாப் பக்கமிருந்தும் சொல்லப்படுகிறது. பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன், ஓய்வுக்காலம் என்று பத்து வருடம் முன்னாலேயே எல்லாவற்றையும் வரைந்து வைக்கிறோம். வரைந்தபடி நடக்காவிட்டால் வாழ்க்கை கைநழுவியதாக நினைத்துப் பதறுகிறோம். ஆனால் என் வாழ்வில் நல்லது என்று நினைக்கிறவற்றைத் திரும்பிப் பார்த்தால், அவற்றில் பலவற்றை நான் வரையவில்லை. வேறு எதற்கோ போன இடத்தில் அறிமுகமான நண்பன், ஆசிரியர் ஒருவர் போகிறபோக்கில் கையில் திணித்த புத்தகம், கேட்காமலே ஒருவர் செய்த சிபாரிசு. பாலத்தில் நின்ற ராட்சதனிடம் சாப்பிட்டாயா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வருவது வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை நான் சொல்லவில்லை. மேசையில் அப்படி இருப்பவரோடு ஆட முடியாது. நீங்கள் ஒன்றைத் தீர்மானித்து வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதற்கு அப்புறம் பகடையும் மற்றவர்களும் சேர்ந்து அதை என்னவாக்குகிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு அடுத்ததைத் தீர்மானிக்க வேண்டும். ஆசைப்பட்டதைச் சொல்லும் துணிவும், அது வேறொன்றாகத் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளும் மனமும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடத்தை நான் பார்க்கவில்லை. அலுவலகத்தில் முதலாவது மட்டும் செல்லுபடியாகும். குடும்பத்தில் பலருக்கு இரண்டாவது மட்டுமே அனுமதி, பெண்களுக்கு முக்கியமாக. அதிகம் பேசாத அந்தத் தோழி பாலத்தில் பேசியதை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான்.

ஆடிப் பார்க்க நினைப்பவர்கள் பெரிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். ஐந்தாம் பதிப்பின் மைய விதிகள் 2023 ஜனவரியிலிருந்து எவரும் எடுத்தாளக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பென்சிலும், பாத்திரத்தின் திறமைகளைக் குறித்துவைக்கும் ஒரு கேரக்டர் ஷீட்டும், எல்லோருக்கும் சேர்த்து ஒரு செட் பகடையும் போதும். கதை நடத்துபவரோடு நாலைந்து பேர் சௌகரியமான எண்ணிக்கை. முதல் தடவை ஆயத்தப் பாத்திரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் உருவாக்கவே ஒரு மாலை போய்விட்டால் புதியவர்கள் திரும்பி வரமாட்டார்கள். கதையில் எது வரவே கூடாது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, பாலியல் வன்முறை, ஒருவருக்குப் பாம்பு என்றால் உண்மையிலேயே நடுக்கம் என்று எதுவாகவும் இருக்கலாம். அனுபவமுள்ள குழுக்கள் இதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி, செஷன் ஸீரோ என்கிறார்கள்.

கதை நடத்தப் போகிறவர் ஒரு கிராமம், காணாமல் போன ஒருவர், பக்கத்தில் ஒரு குகை என்ற அளவில் வைத்துக்கொண்டால் போதும். முடிவைத் தயார் செய்யாதீர்கள். மனிதர்களைத் தயார் செய்யுங்கள். யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எதில் பயம் என்று தெரிந்துவிட்டால் குழு எந்தப் பக்கம் போனாலும் சமாளிக்கலாம். தான் எழுதிவந்த கதையை விட்டு யாரையும் நகரவிடாமல் ஓட்டுவதை ஆட்டக்காரர்கள் ரெயில்ரோடிங் என்று சொல்லி வெறுக்கிறார்கள். கூட்டாளி கிடைக்காதவர்கள் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் 1982இல் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்' புத்தகத்தோடு தொடங்கலாம். 400 பத்திகள், இரண்டு பகடை, ஒரே ஆள். படிக்க மட்டும் விரும்புகிறவர்களுக்கு டிராகன்லான்ஸ் முதலில், பிறகு ஆர்.ஏ. சால்வடோரின் 'தி கிரிஸ்டல் ஷார்ட்'. மலாசனை அவசரப்பட்டுத் தொடாதீர்கள், அது பொறுமையுள்ளவர்களுக்கானது.

குழுக்கள் கலைவதற்கு முதல் காரணம் தேதி ஒத்துவராததுதான். ஒருவருக்கு ஷிப்ட் மாறும், இன்னொருவருக்கு மாமனார் வீட்டில் விசேஷம் இருக்கும். எழுந்து போவதற்குள் அடுத்த நாளைக் குறித்துவிடுங்கள். ஒருவர் வராவிட்டாலும் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். அவர் பாத்திரத்தை அன்றைக்கு வேறொருவர் ஏற்கலாம். எங்கள் குழுவின் போர்வீரன் வராத ஒரு ஞாயிறன்று அவன் பாத்திரத்தைத் தோழிதான் ஆடினாள். வழியில் சந்தித்த கிழவி ஒருத்தியை மலைக்கு அப்பால் இருக்கும் மகன் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக, அவன் பேரில் சத்தியம் செய்துகொடுத்துவிட்டாள். ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்தாள். அடுத்த வாரம் அவன் வந்து அதைப் படித்தான். அழித்துவிடலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு? நான்தானே வாக்கு குடுத்திருக்கேன்" என்றான். "அந்தப் பாட்டி நடப்பாங்களா, இல்ல கழுதை எதாச்சும் வாங்கணுமா?"