நம் கரையின் வசந்தமும் நம் பாட்டும்



உயிர்த்தெழுந்த நம் ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீஷர்களுக்குத் தம்மைக் காண்பித்த வரலாற்றை இந்தப் பாஸ்கு காலத்துப் பூசையில் வாசிக்கக் கேட்டோம். அதை எழுதிய அர்ச். அருளப்பர் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறார் பாருங்கள்! இரவெல்லாம் ஒன்றும் அகப்படவில்லை. பொழுது விடிகிறது. படகு கரைக்கு ஏறக்குறைய 200 முழ தூரத்தில் நிற்கிறது. கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். வலையில் விழுந்த பெரிய மீன்கள் 153. வலை கிழியவில்லை என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. இந்த எண்ணிக்கைக்கு வேதபாரகர்கள் ஆழ்ந்த பொருள் பல கண்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவதோ எளிய காரியம். எழுதியவர் வலைக்காரர். மீனை எண்ணாமலும் வலையைத் தடவிப் பாராமலும் வலைக்காரர் எவராவது வீடு திரும்புவாரா? ஆண்டவருடைய மகிமையைச் சொல்ல வந்தவர் தம் தொழிலை மறைத்துக்கொள்ளவில்லை.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், நம் வாலிபர்களும் பெண்பிள்ளைகளும் சிலர் பாஸ்குத் திருநாளுக்கென்று கவிதைகள் எழுதி வந்து கொடுத்தார்கள். மெத்த மகிழ்ச்சி. ஆனால் வாசித்துப் பார்த்தால், வசந்தம் வந்ததாம், மாந்தளிர் துளிர்த்ததாம், அருவி சலசலத்ததாம். நம் இராமநாதபுரம் சீமையில் அருவி எங்கே இருக்கிறது? புத்தகத்திலிருந்து எடுத்த வசந்தம் ஆண்டவருக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. அவர் பெருந்தன்மையுள்ளவர், ஏற்றுக்கொள்வார். ஆனால் அவர் நமக்கென்று கொடுத்ததற்கு நன்றி சொல்ல ஆள் இல்லாமல் போகிறதே!

நம் வசந்தம் வேறு. மாசி கழியும்போது வாடைக்காற்று ஓய்கிறது. வேம்பு பூத்து, கோவில் முற்றத்து மணலில் வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கிறது. பனையில் பாளை விட்டு, பதநீர் இறங்குகிறது. பிறகு நுங்கு வருகிறது. வாடையில் கொந்தளித்த வடகடல் அமைந்து, கச்சான் எழும்பித் தென்கடல் சீறுவதற்கு முன், சில காலம் இரண்டு கடலும் குளம்போல் கிடக்கும். பாஸ்குத் திருநாளும் மார்ச் 21-ஐ ஒட்டி வரும் பௌர்ணமியைக் கொண்டே கணிக்கப்படுகிறது. நிலவையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழில் செய்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பழைய இலக்கணக்காரரும் நெய்தல் நிலத்துக்கு ஆறு பருவமும் உரியவை என்றே வகுத்தார்கள். ஆகையால் வசந்தத்தை நாம் இரவல் வாங்க வேண்டுவதில்லை.

இத்தாலி தேசத்தில் பிறந்த சேசுசபைக் குருவான வீரமாமுனிவர் 1726-ல் அர்ச். சூசையப்பர் பேரில் தேம்பாவணியை 3,615 பாடல்களில் பாடி முடித்தார். அதில் யூதேயா தேசம் நெல்வயலும் தாமரைத் தடாகமுமாய்த் தமிழ்நாடாகவே காட்சி தரும். சிலர் இதைக் குறையாகச் சொல்லுவதுண்டு. நான் சொல்லமாட்டேன். அந்நிய தேசத்தார் ஒருவர் தச்சரான சூசையப்பரை நம் வயல் வரப்பில் நடக்க வைத்தார். நம் கரையில் பிறந்த நமக்கு நம் கரை கண்ணில் படவில்லை.

"எங்களுக்குக் கவிதை எங்கே வரும், சுவாமி?" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். கரைவலை இழுக்கையில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடும் அம்பாப் பாட்டை யார் செய்தது? எந்தப் பண்டிதர் வந்து எழுதிக் கொடுத்தார்? மாதாவையும் அந்தோனியாரையும் கூப்பிட்ட வாயோடு காற்றைக் கூப்பிடுவார்கள். அடுத்த அடியில் உலை வைத்துக் காத்திருக்கும் மனைவி, அதற்கடுத்த அடியில் சம்மாட்டியைப் பற்றிக் கேலி. ஜெபமும் பிழைப்பும் ஒரே மூச்சில் வருகிறது. விசைப்படகும் இழுவை இயந்திரமும் வந்தபின், கூடிப் பாடி இழுக்கிற வேலை குறைந்துபோயிற்று. இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. உங்கள் தோளையும் முதுகையும் அது காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும் வயதான ஒருவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யும்போதெல்லாம், எத்தனை அடிகளைக் கூடவே குழியில் வைக்கிறோம் என்று எண்ணிக்கொள்வேன்.

"கடல் எங்கள் வீட்டு ஆளை எடுத்துக்கொண்டது. என்னையும் வசந்தத்தைப் பாடச் சொல்லுகிறீர்களா?" என்று ஒரு தாயார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்து தேசத்து ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் என்பவர் 1868-ல் சேசுசபையில் சேருமுன், குருவாகப் போகிறவருக்குக் கவிதை தகாது என்று எண்ணித் தம் பாட்டுகளை எரித்துவிட்டார். ஏழு ஆண்டு ஏறக்குறைய எழுதவேயில்லை. 1875 டிசம்பரில் ஒரு கப்பல் தேம்ஸ் நதி முகத்துவாரத்தை அடுத்த மணல்திட்டில் மோதியது. செர்மானிய தேசத்துச் சட்டங்களால் வெளியேற நேர்ந்த ஐந்து பிரான்சிஸ்கு சபைக் கன்னியரும் அதில் மாண்டார்கள். யாராவது இதைப் பாடினால் நல்லது என்று அவருடைய அதிபர் சொன்ன பிறகே மறுபடியும் எழுதுகோலை எடுத்தார். வசந்தத்தைப் பற்றி அவர் எழுதிய பேர்பெற்ற பாட்டு 1877-ல் வந்தது. முதலில் மூழ்கினவர்களைப் பாடினார், பிறகு துளிரைப் பாடினார்.

ஆகவே அம்மா, நீங்கள் முதலில் அவரைப் பற்றியே பாடுங்கள். சங்கீத ஆகமத்தில் அழுகைப் பாட்டுகள் ஏராளம். திருச்சபை அவற்றில் ஒன்றையும் நீக்கவில்லை. 1964 டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இடிந்த கோவில் சுவர் இன்னும் மணலில் நிற்கிறது. அந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று முதியோர். அவர்கள் சொல்ல நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வலை பழுதுபார்க்கும் இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து, தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதட்டும். இதற்கென்று ஒரு நோட்டு உபதேசியாரிடம் இருக்கிறது. பாடியவர் பேர், கரையின் பேர், எந்த வேலைக்குப் பாடியது என்பவற்றைக் கீழே குறியுங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். சம்மாட்டியைக் கேலி செய்யும் அடிகளையும் விடவேண்டாம். நம் பங்குச் சம்மாட்டிமாரில் இருவர் என்னிடம் சொல்லிவிட்டார்கள், அந்த அடிகளெல்லாம் தங்களுக்கு மனப்பாடமாம்.