சுவிட்சுக்குத் தெரிந்தது

"நான் சொல்லிட்டேன், அதுக்கு மேல அவன் பாடு" என்று சொல்லும்போது நமக்குள் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. கடமை முடிந்தது என்கிறது அது. அந்த விளக்குக்கு ஒயர் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. எனக்கு இந்தக் கேள்வி முண்டியம்பாக்கத்தில், ஒரு டிராக்டரின் டேஷ்போர்டைப் பார்த்தபோது வந்தது.

முண்டியம்பாக்கம் விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஊரில் சர்க்கரை ஆலை உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. ஆலைக்கு வரும் டிராக்டர் டிரெய்லர்களில் கரும்பு நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். மார்கழிப் பனியில் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அந்த டிரெய்லரின் சிவப்பு விளக்குதான் உயிர். ஆனால் டிராக்டர் ஓட்டுகிறவரால் அதைப் பார்க்கவே முடியாது, சுமை மறைத்துவிடும். அவருக்கு இருப்பதெல்லாம் சுவிட்சுக்குள் கடுகளவு எரியும் பைலட் லைட் மட்டும்.

சாலையோர ஒயரிங் கடை ஒன்றில் என் பைக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, பைலட் லைட் போன டிராக்டர் ஒன்று வந்து நின்றது. எலக்ட்ரீஷியன் சுவிட்சைக் கழற்றினார். உள்ளே 12 வோல்ட், 1.2 வாட் பல்பு இழை அறுந்து கறுத்திருந்தது. அதற்குப் பதில் ஒரு சிவப்பு எல்.இ.டி. வைத்தார். அதை நேராக பேட்டரியில் கொடுத்தால் கருகிவிடும். எஞ்சின் ஓடும்போது வரும் சுமார் 14 வோல்ட்டில் எல்.இ.டி.க்கு 2 போதும். மிச்சம் 12 வோல்ட்டைத் தாங்க 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துப் பற்றவைத்தார். கால் மாற்றி வைத்தால் எரியாது என்பதால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். மொத்தம் பத்து நிமிஷ வேலை.

"எரியுதுண்ணா, கெளம்பட்டா?" என்றான் ஓட்டுகிற பையன்.

"இரு தம்பி. இது எரிஞ்சா நீ சுவிட்சு போட்டுருக்கேன்னு அர்த்தம். பின்னாடி எரியுதுன்னு அர்த்தம் இல்ல. எறங்கிப் போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான். எரியவில்லை. டிரெய்லர் பிளக்கில் எர்த் ஒயர் கழன்றிருந்தது.

அந்த எல்.இ.டி. பொய் சொல்லவில்லை. சுவிட்ச் வரை மின்சாரம் வந்திருக்கிறது என்று அதற்குத் தெரிந்ததைச் சொன்னது, அவ்வளவுதான். 'பின்னால் வெளிச்சம் இருக்கிறது' என்று அதை மாற்றிப் படித்தது நாம்தான்.

இப்படி மாற்றிப் படித்ததற்கு உலகம் பெரிய விலையும் கொடுத்திருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரி மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். 'மூடு' என்ற கட்டளை போய்விட்டது என்பது மட்டும்தான் அந்த விளக்குக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது.

நம் மனசாட்சியும் பெரும்பாலும் சுவிட்சோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. "ஸாரி கேட்டாச்சுல்ல." "அம்மாவுக்குப் பணம் போட்டாச்சு." "மெசேஜ் அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு." இவை எதுவுமே பொய்யில்லை. ஆனால் இவை நாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்கின்றன. எதிரில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் இறங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி எப்போது ஓடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1972 டிசம்பர் 29 இரவு மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில் முன்சக்கரத்துக்கான சின்ன விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது, பல்புதான் போயிருந்தது. விமானிகள் அந்த விளக்கிலேயே மூழ்கியிருந்தார்கள். தானியங்கிக் கருவி உயரத்தைப் பிடித்துவைப்பதை விட்டுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். கவனத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஒன்றுக்குக் கொடுப்பதை இன்னொன்றிலிருந்துதான் எடுக்கிறோம்.

அப்படியானால் எதற்காக இறங்க வேண்டும்? நம்மால் பார்க்க முடியாத இடத்தில், நம் தவற்றின் பலன் முழுக்க இன்னொருவர் தலையில் விழும்போது, அவருக்கு அதை நம்மிடம் சொல்ல அவகாசம்கூட இல்லாதபோது, இறங்கத்தான் வேண்டும். டிரெய்லர் விளக்கு எரியாவிட்டால் டிராக்டர்காரருக்கு ஒரு குறையும் தெரியாது. தெரிய வேண்டியவர் பின்னால் பனிக்குள் வந்துகொண்டிருப்பார்.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. பல வண்டிகளில் திரும்பும் இண்டிகேட்டர் பல்பு ஒன்று போனால் டேஷ்போர்டில் டிக் டிக் சத்தம் திடீரென்று வேகமாகும். வெளியே ஓடும் மின்சாரம் குறைந்ததை ரிலே உணர்ந்து சொல்வது அது. அங்கே விளக்கு சுவிட்சை நம்பி இல்லை. வெளியே நடப்பதோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. உறவுகளிலும் அப்படி ஒரு ஒயரை இழுக்க முடியும். பெரிய வித்தையெல்லாம் இல்லை. "அன்னைக்கு நான் சொன்னது உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.