தாத்தாவின் கோட்டு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சபாவுக்காக நாடகம் எழுதி, டைரக்ஷனையும் நானே ஏற்றுக்கொண்டேன். கதை எழுதுகிறவனுக்கு வரக்கூடாத ஆசை, வந்துவிட்டது. ஒரு ஜவுளிக் கடைக் குடும்பம். தாத்தா, மகன், பேரன். தாத்தா காலத்தில் கடனுக்காக எழுதி வாங்கிய நிலத்தின் சீட்டைத் தூக்கிக்கொண்டு, மூன்றாம் அங்கத்தில் ஒரு கிழவி பேரனிடம் வருகிறாள். பேரன் தலை குனிந்து நிற்க வேண்டும்.

ஒத்திகையில் அந்த வேஷம் போட்ட பையன் கேட்டான்: "நான் பொறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது ஸார். நான் எதுக்குத் தலை குனியணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "குனிந்தால் நன்றாயிருக்கும். குனி" என்றேன். குனிந்தான். சபையில் கைக்குட்டைகள் வெளிவந்தன. எனக்கு மட்டும் யாரையோ ஏமாற்றிவிட்டது போல் இருந்தது.

வேறொரு டைரக்டர் இதே கேள்வியோடு மல்லுக்கு நின்றதைப் பின்னால் பார்த்தேன். ஸ்டெஃபானோ மாஸினி என்ற இத்தாலியர் எழுதிய 'லேமன் டிரிலஜி'யை 2018-ல் லண்டன் நாஷனல் தியேட்டரில் ஸாம் மெண்டிஸ் மேடையேற்றினார். நான் பார்த்தது அதைப் படம் பிடித்துத் திரையில் காட்டியபோதுதான். 1844-ல் பவேரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஹென்றி லேமன் அலபாமாவில் ஒரு சாமான் கடை போடுகிறார். தம்பிகள் இமானுவேலும் மேயரும் வந்து சேர்கிறார்கள். பணத்துக்குப் பதில் பருத்தி கொடுக்கிறார்கள் விவசாயிகள். கடை பருத்தி வியாபாரமாகிறது, பிறகு பாங்க் ஆகிறது, 2008 செப்டம்பர் 15-ந் தேதி திவாலாகிறது.

2015-ல் மிலான் நகரில் லூகா ரோன்கோனி இதை நடத்தியபோது பெரிய நடிகர் கூட்டமே இருந்தது. மெண்டிஸ் மூன்றே பேரை வைத்துக்கொண்டார். அண்ணன் தம்பி மூவராக வந்தவர்களே மகன்களும் பேரன்களும், மனைவிமாரும்கூட. சுழலும் கண்ணாடி அறை, காகிதப் பெட்டிகள், மூவருக்கும் கறுப்புக் கோட்டு. நூற்றறுபது வருஷமும் அதே கோட்டுத்தான். முதலில் சிக்கனம் என்று நினைத்தேன். (எங்கள் சபா காரியதரிசி பார்த்திருந்தால் மெண்டிஸுக்கு மாலையே போட்டிருப்பார்.) ஆனால் ஆடம் காட்லி என்ற நடிகர் மேயராக வந்து, பிறகு பாபி லேமனாகவும் வந்தபோது திக்கென்றது.

1860-ம் வருஷக் குடிக்கணக்கில் மேயர் லேமன் பெயரில் ஏழு அடிமைகள் இருக்கிறார்கள். பாபி, அதாவது ராபர்ட் லேமன், 1969-ல் இறந்தபோது, சுமார் 2,600 கலைப்பொருள்கள் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூஸியத்துக்குப் போயின. ரசிகர், நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் மேயரின் பேரன்கூட இல்லை, இமானுவேலின் பேரன். ஆனால் மேடையில் முகம் ஒன்று. ரத்தத்தின் வழியைப் பார்க்காமல் பணத்தின் வழியைப் பார்த்து வேஷம் பிரித்தது போலிருக்கிறது! பணத்தின் வழியில் பார்த்தால் மேயருக்கும் பாபிக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

இது நியாயமா? நம் ஊரிலும் தகப்பன் கடனை மகனும் பேரனும் தீர்ப்பது தர்மம் என்று இந்து சட்டம் சொல்லி வந்தது. 2005-ல்தான் அந்தக் கடமையை எடுத்தார்கள். அப்போதும் கடன் வேறு, பாவம் வேறு என்றுதான் வக்கீல் சொல்வார். சரி. ஆனால் சொத்தை வாங்கிக்கொள்ளும்போது மட்டும் "நான் அவருடைய பேரன்" என்கிறோம். கிழவி வாசலில் நிற்கும்போது "நான் வேறு, அவர் வேறு" என்கிறோம். இரண்டும் எப்படி ஒரே வாயில் வரும்? நான் காலேஜில் கட்டிய சம்பளம்கூட ஓர் அடகுக் கடை வட்டியிலிருந்து வந்ததுதான். யார் யாருடைய வளையல் என்று நான் கேட்டதில்லை.

மெண்டிஸும் முதலில் தப்பித்துக்கொள்ளத்தான் பார்த்தார் என்பேன். அந்தப் பருத்தியைப் பறித்த கைகளைப் பற்றி லண்டனில் போதுமான பேச்சில்லை. கண்டனம் எழுந்தது. 2021-ல் நியூயார்க்கில் நடத்துமுன் வசனத்தைத் திருத்தினார்கள். கோட்டைப் போட்டுவிட்டால் அதன் பையில் இருப்பதையும் வெளியே எடுக்க வேண்டியதுதானே.

அந்த நாடகத்தை மறுபடி போடச் சொன்னால், அந்தப் பையனைக் குனியச் சொல்ல மாட்டேன். முதல் அங்கத்துத் தாத்தா வேஷத்தையும் அவனுக்கே கொடுப்பேன். மூன்றாம் அங்கத்தில் கிழவி சீட்டை நீட்டும்போது கையில் வாங்கிப் படிக்கட்டும். எழுதியது அவன்தான், கையெழுத்து அவனுக்குத் தெரியும்.