கடமையும் காப்பும்

கடமை ஒருதலையாக இருத்தல் கூடுமா என்னும் வினாவிற்கு உரோமரின் தொடக்ககால வரலாறு தக்கதொரு சான்றினை அளிக்கின்றது.

கி.மு. 509இல் உரோமில் மன்னராட்சி நீங்கியதாக மரபு கூறும். ஆயினும் ஆட்சிப் பதவிகள் உயர்குடியினரான பத்திரீசியர் வசமே பெரிதும் இருந்தன. பிளெபியர் எனப்பட்ட பொதுமக்கள் போரிலே நாட்டைக் காத்தனர். மீண்டபின் கடனிறுக்க இயலாது, கடன்கொடுத்தோருக்கே அடிமைப்பட்டனர். அம்மரபின்படி, கி.மு. 494இல் அவர்கள் படைக்கலம் ஓங்காது நகரை நீங்கிப் புனித மலையிற் சென்று தங்கினர்.

தூது சென்ற மெனேனியஸ் அகிரிப்பா, வயிற்றுக்கு உணவூட்ட மறுத்த உறுப்புகள் தாமே நலிந்த கதையை உரைத்ததாக லிவி எழுதுகின்றார். உண்டதை வயிறு குருதியாக்கி உறுப்புகளுக்கு அளிக்கின்றது என்பதே அதன் விளக்கம். ஆனால், வயிறு அளிக்காதவிடத்து உறுப்புகள் செய்யத்தக்கது யாதென அக்கதை கூறவில்லை.

மக்கள் கதை கேட்டு மட்டும் மீண்டாரல்லர். திரிபூன்கள் என்னும் காவலரைத் தமக்கெனப் பெற்று, அவர்மீது எவரும் கைவைத்தலாகாது என்னும் உறுதியும் பெற்றே திரும்பினர். கடனடிமை அன்றே ஒழியவில்லை, கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அது நீடித்தது. எனினும் முறையிடுவோருக்கு ஒரு புகலிடம் தோன்றியது.

கடமையைக் கேட்கும் அரசு காப்பினை அளித்தல் வேண்டும். அஃதில்லாதவிடத்து ஒற்றுமை பற்றிய அறிவுரை, எத்துணை இனிதாயினும், வலியோரின் வசதிக்குரிய உரையாகவே முடியும்.